பிளைபரோவின் தேவதூதர்கள்: ஏழ்மை காப்பாற்றிய ஒரு பங்குக்கோயில்

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் சஃபோக் என்று ஒரு மாவட்டம். லண்டன் பக்கமிருந்து வடக்கே போகும் ஏ12 நெடுஞ்சாலை, அங்கே பிளைத் என்ற சிற்றாற்றைத் தாண்டும் இடத்தில் நிலம் சட்டென்று விரிந்துகொள்ளும். கடல் ஏறும் நேரத்தில் அந்த ஆறு ஏரிபோலப் பரந்து கிடக்கும். நீர் வடிந்துவிட்டால் சேறும் நாணலும், சேற்றில் இரை தேடும் பறவைகளும்தான் மிச்சம். அந்த வெளிக்கு மேலே ஒரு மேட்டில், சுற்றியுள்ள வீடுகளுக்குக் கொஞ்சமும் பொருந்தாத அளவில், ஒரு பெரிய கற்கோயில் நிற்கிறது. இரவில் அதன் மீது விளக்குப் போடுவார்கள். இருட்டில் வண்டி ஓட்டி வருகிறவர்களுக்குச் சதுப்பின் மேல் ஒரு கப்பல் மிதந்து வருவதுபோல் தெரியும்.

ஊரின் பெயர் பிளைபரோ. ஆற்றின் பெயரில் உள்ள ‘த்’ ஊரின் பெயரில் எழுத்தில் மட்டும் இருக்கிறது, வாயில் வருவதில்லை. கோயில், பரிசுத்த திரித்துவ ஆலயம். ‘சதுப்புநிலத்துக் கதீட்ரல்’ என்று அதற்குச் செல்லப்பெயர் உண்டு, ஆனால் அது கதீட்ரல் அல்ல. ஆயரின் இருக்கை அங்கே எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. சில நூறு பேர் வாழும் ஒரு கிராமத்தின் பங்குக்கோயில், அவ்வளவுதான்.

இத்தனை சின்ன ஊருக்கு இத்தனை பெரிய கோயில் எப்படி வந்தது? 15-ஆம் நூற்றாண்டில் கட்டியவர்கள் விட்டுப்போன முகம் இன்றும் எப்படி அதில் தெரிகிறது? இரண்டுக்கும் விடை பணத்தில்தான் இருக்கிறது. பணம் வந்த காலத்தில் கோயில் எழுந்தது. பணம் போன பிறகு, அதை மாற்றிக் கட்டவோ புதுப்பிக்கவோ யாருக்கும் வசதி இல்லாமல் போனது. அந்த வசதியின்மைதான் கோயிலைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன்.

பங்கு என்றால் என்ன?

ஒரு கோயிலுக்கு உட்பட்ட ஊர்ப்பகுதிதான் பங்கு. இடைக்கால இங்கிலாந்தில் ஏறக்குறைய ஒவ்வொரு காணி நிலமும் ஏதோ ஒரு பங்கின் எல்லைக்குள் வரும். நாடு முழுக்க ஏறத்தாழ 9,000 பங்குகள். பிறந்தால் அங்கே ஞானஸ்நானம், இறந்தால் அங்கே கல்லறை. விளைச்சலிலும் ஆட்டுக்குட்டியிலும் கம்பளியிலும் பத்தில் ஒரு பாகத்தைத் தசமபாகமாக அந்தக் கோயிலுக்குக் கொடுக்க வேண்டும். இது விருப்பக் காணிக்கை அல்ல, கட்டாய வரி.

கோயிலைப் பராமரிக்கும் கடமையும் இரண்டாகப் பிரிந்திருந்தது. பீடம் இருக்கும் கிழக்குப் பகுதியைத் தசமபாகம் வாங்குகிறவர் பார்த்துக்கொள்ள வேண்டும். மக்கள் நிற்கும் நடுக்கூடத்தை மக்களே பார்த்துக்கொள்ள வேண்டும். 13-ஆம் நூற்றாண்டு வாக்கில் இந்த வழக்கம் ஊன்றிவிட்டது. கூரை ஒழுகினால், மணி உடைந்தால், மெழுகு தீர்ந்தால் ஊர்க்காரர்கள்தான் பணம் திரட்டினார்கள். அதற்காக ஊரார் தேர்ந்தெடுத்த சர்ச் வார்டன்கள் இருந்தார்கள். குருக்கள் அல்ல, உழவரும் வியாபாரியுமாக இருந்த சாதாரண ஆட்கள். வரவு செலவுக் கணக்கு அவர்கள் கையில். பல ஊர்களில் கோயில் பேரில் ஏல் என்னும் மதுவைக் காய்ச்சி, விருந்து வைத்து விற்று, அந்த லாபத்தில் கூரை வேய்ந்தார்கள்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. இங்கிலாந்தின் பெரிய பங்குக்கோயில்களைப் பார்த்ததும் யாரோ ஒரு மன்னரோ ஆயரோ கட்டியது என்றுதான் தோன்றும். பெரும்பாலும் அப்படி இல்லை. செத்துப்போகும் நேரத்தில் ‘இன்ன ஜன்னலுக்கு இவ்வளவு, கூரைக்கு இவ்வளவு’ என்று உயில் எழுதிவைத்த நூற்றுக்கணக்கான சாதாரண ஆட்களின் காசு அது. செத்தவர்களின் ஆன்மா உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேதனைப்படும், உயிரோடு இருப்பவர்களின் ஜெபம் அந்த வேதனையைக் குறைக்கும் என்று அன்று எல்லோரும் நம்பினார்கள். கோயிலுக்குக் கொடுத்தவரின் பெயரைச் சொல்லிப் பின்வந்தவர்கள் ஜெபிப்பார்கள். ஆகவே ஒரு ஜன்னலுக்குப் பணம் தருவது, மறுமைக்கு வழித்துணை தேடிக்கொள்வது.

துறைமுகம் இருந்த ஊர்

பிளைபரோ பழைய ஊர். 654-இல் கிழக்கு ஆங்கில நாட்டின் மன்னர் அன்னா, மெர்சியா என்ற இன்னொரு நாட்டின் மன்னர் பெண்டாவோடு மோதிய போரில் மாண்டார். அவருடைய உடல் பிளைபரோவில் அடக்கம் செய்யப்பட்டது என்று 12-ஆம் நூற்றாண்டில் ஈலி மடத்தில் எழுதிய வரலாறு சொல்கிறது. பெயரைப் பார்த்துப் பெண் என்று நினைத்துவிட வேண்டாம், அன்னா ஆண்தான். ஊரில் கிடைத்த ஒரு திமிங்கில எலும்பு எழுதுபலகை இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எழுதத் தெரிந்த கிறிஸ்தவத் துறவிகள் அந்தக் காலத்திலேயே இங்கே இருந்தார்கள் என்பதற்கு அந்தப் பலகை நல்ல சாட்சி.

12-ஆம் நூற்றாண்டில் அகுஸ்தினார் சபைத் துறவிகளின் சிறுமடம் ஒன்று இங்கே அமைந்தது. எசெக்ஸில் இருந்த செயின்ட் ஓசித் மடத்தின் கிளை அது. பங்குக்கோயிலின் தசமபாகம் இந்த மடத்துக்குப் போனது. அதனால் பீடப் பகுதியைப் பராமரிக்கும் கடமையும் அவர்கள் தலையில் விழுந்தது. ஆற்றில் படகுகள் வந்துபோகும் காலம். சந்தை உண்டு, மீன் உண்டு, உள்நாட்டிலிருந்து கம்பளி உண்டு. பிளைபரோவின் கை நிறைந்திருந்தது.

1348-49-இல் கொள்ளைநோய் வந்து நாட்டில் மூன்றில் ஒருவரையாவது கொண்டுபோனது. மிஞ்சியவர்களுக்குக் கூலி ஏறியது. மரணம் எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது என்று கண்ணால் கண்ட தலைமுறைகள் அவை. அவர்கள் கோயிலுக்குக் கொடுத்ததில் அந்த அச்சமும் கலந்திருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. 1412-இல் மன்னர் நான்காம் ஹென்றி கொடுத்த அனுமதியோடு பிளைபரோ கோயில் புதிதாக எழத் தொடங்கியது. 15-ஆம் நூற்றாண்டு நெடுக ஊர்க்காரர்களின் உயில்களில் அதற்கான பணம் சேர்ந்துகொண்டே வந்தது. 1430 வாக்கில் இந்தப் பகுதிப் பண்ணையின் உரிமை ஜான் ஹாப்டன் என்பவருக்கு வந்தது. 1478-இல் இறந்த அவருடைய கல்லறை இன்றும் பீடப் பகுதியின் வடபக்கம் இருக்கிறது. மேலே பதித்திருந்த பித்தளைத் தகடுகளை யாரோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். தகடு இருந்த பள்ளம் மட்டும் தெரிகிறது.

வெளியே சிக்கிமுக்கிக் கல், உள்ளே வெளிச்சம்

மேற்கே நிற்கும் மணிக்கோபுரம் மட்டும் பழையது, 14-ஆம் நூற்றாண்டின் வேலை. 83 அடி உயரம், அலங்காரம் குறைவு. அதைத் தொட்டு நிற்கும் 15-ஆம் நூற்றாண்டுக் கோயிலோடு ஒப்பிட்டால் கோபுரம் கொஞ்சம் ஏழையாகத்தான் தெரியும். பணம் நன்றாக வந்தபோது உடலை மாற்றினார்கள், தலையை மாற்றுவதற்குள் பணம் நின்றுவிட்டது போல.

சஃபோக்கில் கட்டுமானக் கல் கிடையாது. சுண்ணாம்புப் பாறைக்குள் முடிச்சு முடிச்சாகக் கிடைக்கும் சிக்கிமுக்கிக் கல்தான் உண்டு. அதை வைத்து நேரான மூலை கட்ட முடியாது, ஜன்னல் சட்டம் செதுக்க முடியாது. ஆகவே அந்த வேலைகளுக்கு நல்ல கல்லைத் தண்ணீர் வழியாகத் தூரத்திலிருந்து கொண்டுவந்தார்கள். மீதிச் சுவர் முழுக்கச் சிக்கிமுக்கிக் கல்.

இந்தக் குறையிலிருந்துதான் சஃபோக்கை உள்ளடக்கிய கிழக்கு ஆங்கிலியா வட்டாரத்தின் தனிக் கலை ஒன்று பிறந்தது. சிக்கிமுக்கிக் கல்லைச் சுத்தியால் சரியான இடத்தில் தட்டினால், வெள்ளைத் தோலுக்குள்ளிருந்து கண்ணாடிபோல மின்னும் கருமுகம் வெளியே வரும். வெளிர்நிறக் கல்லில் எழுத்தும் வளைவும் செதுக்கி, இடைவெளிகளில் இந்தக் கருங்கற்களைச் சமமட்டமாகப் பதித்துவிடுவார்கள். வெயில் படும்போது கறுப்பும் வெள்ளையும் கோலம் போட்டதுபோல் தெரியும். பிளைபரோவின் கிழக்குச் சுவரில், பெரிய ஜன்னலுக்குக் கீழே, கிரீடம் வைத்த லத்தீன் எழுத்துகள் ஒரு வரிசை இப்படிப் பதிந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு சொல்லின் முதலெழுத்து. இயேசு, திரித்துவம், மரியாள், அன்னாள் ஆகியோரின் மகிமைக்காக இது திரும்பக் கட்டப்பட்டது என்று அதைப் பொதுவாக விரித்துப் படிக்கிறார்கள்.

சரி, உள்ளே போவோம். தெற்கு வாசல் மண்டபத்தைக் கடந்து காலடி வைத்ததும் முதலில் தாக்குவது வெளிச்சம். 127 அடி நீளக் கூடத்தில் மேற்கிலிருந்து கிழக்குவரை கண்ணைத் தடுக்க எதுவும் இல்லை. வழக்கமாக நடுக்கூடத்தையும் பீடப் பகுதியையும் ஒரு பெரிய வளைவு பிரிக்கும். இங்கே அது கிடையாது. ஒரே கூரை, ஒரே ஓட்டம். தூண்வரிசைக்கு மேலே பக்கத்துக்கு 18 ஜன்னல்கள், இரு பக்கமும் சேர்த்து 36. இவற்றில் இன்று பெரும்பாலும் வண்ணமற்ற கண்ணாடி என்பதால், கடற்கரையின் சாம்பல்நிற ஒளி அப்படியே உள்ளே இறங்குகிறது.

இந்தக் கட்டடப் பாணியை ஆங்கிலத்தில் ‘பெர்பெண்டிகுலர்’ என்பார்கள். செங்குத்துப் பாணி என்று சொல்லிக்கொள்ளலாம். ஜன்னலின் கற்சட்டங்கள் கீழிருந்து மேல் வளைவுவரை நேராக ஏறும் என்பதால் அந்தப் பெயர். இங்கிலாந்துக்கே உரிய பாணி இது. சுவரைக் குறைத்து ஜன்னலைப் பெருக்குவதுதான் இதன் ஆசை. அதற்குக் கூரை ஒத்துழைக்க வேண்டும். கற்கூரை போட்டால் பாரம் சுவரைப் பக்கவாட்டில் தள்ளும், சுவரைத் தடிமனாக்கி வெளியே முட்டுக் கொடுக்க வேண்டும். பிளைபரோவில் போட்டது மரக்கூரை. சுவருக்குச் சுவர் பாயும் பெரிய ஓக் உத்தரங்கள் இரு பக்கச் சுவர்களையும் இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. மேலே ஈயத் தகடு. ஈயம் கனமானது. செங்குத்தான கூரையில் அது தன் பாரத்தாலேயே மெல்ல வழுகும், ஆகவே சரிவைக் குறைத்துத் தட்டையாக்கினார்கள். கூரை தட்டையானதும் ஜன்னல் வரிசைக்கு உயரம் கிடைத்தது. ஒன்றுக்கொன்று கைகொடுத்த இந்த ஏற்பாட்டில்தான் அந்த வெளிச்சம் பிறக்கிறது.

அந்த உத்தரங்களின் நடுவில்தான் தேவதூதர்கள் இருக்கிறார்கள்.

ஒவ்வோர் உத்தரத்தின் மையத்திலும் முதுகோடு முதுகு சேர்ந்த இரண்டு உருவங்கள். ஒருவர் கிழக்கே பீடத்தைப் பார்க்கிறார், மற்றவர் மேற்கே வாசலைப் பார்க்கிறார். கையில் கேடயம். பக்கவாட்டில் நீண்டு விரிந்த மரச்சிறகுகள். உருவத்தைத் தனியாகவும் சிறகைத் தனியாகவும் செதுக்கிப் பொருத்தியிருக்கிறார்கள். முழு எண்ணிக்கை இன்று இல்லை, ஏறத்தாழ ஒரு டஜன் மிஞ்சியிருக்கிறது. கைமரங்களில் வெள்ளைப் பூச்சின் மேல் அச்சுவைத்து வரைந்த சிவப்பும் பச்சையுமான பூக்கள், நடுநடுவே இயேசுவின் பெயரைக் குறிக்கும் எழுத்துகள். நிறம் மங்கியிருக்கிறது, உரிந்திருக்கிறது. ஆனால் அது 15-ஆம் நூற்றாண்டின் வண்ணமேதான். பின்னால் வந்தவர்கள் மேலே பூசிய வண்ணம் அல்ல.

கூரையில் தேவதூதர்களை வைக்கும் வழக்கத்துக்கு வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபம் முன்னோடி. 1390-களில் இரண்டாம் ரிச்சர்டு மன்னருக்காகத் தச்சர் ஹியூ ஹெர்லண்ட் அதன் கூரையைப் போட்டார். அரண்மனையில் தொடங்கிய அந்த மோகம் பங்குக்கோயில்களுக்குப் பரவியது. இங்கிலாந்தில் மிஞ்சியுள்ள தேவதூதர் கூரைகளில் பெரும்பான்மை கிழக்கு ஆங்கிலியாவில்தான் இருக்கின்றன. கல் இல்லாத மாவட்டத்தில் தச்சன் முன்வரிசைக்கு வந்துவிட்டான் என்று சொல்லலாம்.

பெஞ்சு முனையில் ஒரு பிரசங்கம்

மேலேயே பார்த்துக்கொண்டிருந்தால் கீழே இருப்பதைத் தவறவிடுவோம். நடுக்கூடத்து மரப்பெஞ்சுகளின் முனைகளில் ஒரு சாண் உயரச் சிற்பங்கள் இருக்கின்றன. தலையான பாவங்கள் ஏழு, இரக்கச் செயல்கள், பருவகால வேலைகள் என மூன்று வரிசை. எல்லாம் முழுசாக மிஞ்சவில்லை.

சோம்பல் ஒரு ஆள். கட்டிலில் இருக்கிறான், போர்வை மார்புவரை இருக்கிறது, எழுந்திருக்கும் உத்தேசமே இல்லை. பேராசைக்காரன் தன் பணப்பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருக்கிறான், இறங்கினால் யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல. பெருந்தீனிக்காரன் தொந்தியைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். புறங்கூறுபவனின் நாக்கு நீண்டு வெளியே தொங்குகிறது. குடிகாரனைத் தொழுமரத்தில் மாட்டிவைத்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம் கதிர்க்கட்டோடு ஒரு உழவன், பன்றி அறுக்கும் ஒருவன்.

ஐந்நூறு வருடங்களாகக் கைகள் பட்டுப்பட்டு ஓக் மரம் வழவழப்பாகிவிட்டது. சில முகங்கள் தேய்ந்தே போய்விட்டன. வாசிக்கத் தெரியாத ஜனங்களுக்குப் படங்களால் பாடம் சொன்னார்கள் என்று இதை விளக்குவது வழக்கம். எனக்கு அந்த விளக்கம் போதாது. வாசிக்கத் தெரிந்தவர்களும் அந்த பெஞ்சுகளில்தான் உட்கார்ந்தார்கள். தன் ஊர்க்காரனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே செதுக்கிய ஒரு தச்சனின் கை இதில் தெரிகிறது. அந்தப் பணப்பெட்டிக்காரன் யாரென்று அன்றைக்கு ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நான் நினைத்துக்கொள்கிறேன்.

இடி, சட்டம், சுத்தியல்

1530-களில் எட்டாம் ஹென்றி மன்னர் ரோமில் இருந்த போப்பாண்டவரோடு உறவை முறித்தார். 1537-இல் பிளைபரோ மடம் மூடப்பட்டது. அவருடைய மகன் ஆறாம் எட்வர்டு காலத்தில், 1547 முதல், கோயில்களிலிருந்து சொரூபங்கள் அகற்றப்பட்டன, செத்தவர்களுக்காகப் பூசை வைக்கும் அறக்கட்டளைகள் ஒழிக்கப்பட்டன, சுவரோவியங்களின் மேல் வெள்ளையடிக்கப்பட்டது. உத்தரிக்கிற ஸ்தலம் என்று ஒன்று இல்லை என்று அரசே அறிவித்த பிறகு, ஜன்னலுக்கும் கூரைக்கும் உயில் எழுத யாருக்கும் காரணமில்லை. கோயிலுக்கு வந்த பணத்தின் ஊற்று அங்கே அடைபட்டது. சரியாக அதே நூற்றாண்டில் ஆறும் தூர்ந்துகொண்டிருந்தது, கப்பல்களும் பெரிதாகிக்கொண்டிருந்தன. வியாபாரம் கடலோரத்துக்கு நகர்ந்தது.

1577 ஆகஸ்ட் 4, ஞாயிறு. காலை ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில், குருவானவர் இரண்டாம் வாசகத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது இடி விழுந்தது. சுவரைப் பிளந்து, இருபதுக்கு மேற்பட்டவர்களைக் கீழே சாய்த்து, கதவைக் கிழித்து, கோபுரத்து மரங்களைச் சிதைத்துவிட்டுப் போனது. நாற்பது வயது கடந்த ஒரு ஆணும் பதினைந்து வயதுப் பையன் ஒருவனும் இறந்துகிடந்தார்கள், மற்றவர்களுக்குத் தீக்காயம். அந்தக் கால வரலாற்றுக் குறிப்பு சொல்வது இது. கோபுரத்தின் மேல் இருந்த கூர்முடி அன்று உள்ளே சரிந்து, கூரையையும் ஞானஸ்நானத் தொட்டியையும் சேதப்படுத்தியது என்பது ஊர் மரபு.

அதே நாள் பங்கி என்னும் பக்கத்து ஊர்க் கோயிலிலும் புயல் தாக்கியது. அங்கே ஒரு கறுப்பு நாய் கோயிலுக்குள் ஓடிவந்து ஆட்களைக் கொன்றது என்று அந்த வருடமே ஒரு துண்டுப்பிரசுரம் அச்சானது. கிழக்கு ஆங்கிலியாவில் ‘பிளாக் ஷக்’ என்ற பேய்நாயின் கதையும் வழங்கிவருகிறது. இரண்டும் ஒட்டிக்கொண்டன. பிளைபரோவின் வடக்குக் கதவில் கருகிய தடங்கள் இருக்கின்றன. விரல் நீளத்தில், கீழே அகன்று மேலே கூர்ந்து, கண்ணீர்த்துளியைத் தலைகீழாக வைக்காமல் நேராக வைத்த மாதிரி. ‘பிசாசின் விரல்தடம்’ என்று காட்டுவார்கள். ஆனால் இதே வடிவக் கருகல் இங்கிலாந்தின் பல பழைய வீடுகளிலும் தானியக் கொட்டகைகளிலும் உண்டு. தீயும் தீவினையும் அண்டாமலிருக்க மெழுகுத்திரியை மரத்தில் சாய்த்துப் பிடித்து வேண்டுமென்றே சுட்ட காப்புக்குறிகள் அவை என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எனக்கு அதுவே சரியாகப் படுகிறது. அப்படியானால் பிசாசின் கை என்று நாம் பார்ப்பது, பிசாசை விரட்ட நினைத்த யாரோ ஒருவரின் கை.

அப்புறம் 1644. மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் இடையே உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. வில்லியம் டௌசிங் என்ற சஃபோக்காரருக்கு, கோயில்களில் மிஞ்சியிருந்த ‘மூடநம்பிக்கைச் சின்னங்களை’ அழிக்கும் அதிகாரம் பாராளுமன்றத் தரப்புத் தளபதி மான்செஸ்டர் பிரபுவிடமிருந்து கிடைத்திருந்தது. டௌசிங் ஒழுங்கான ஆள். போன ஊர், உடைத்த பொருள், எண்ணிக்கை எல்லாவற்றையும் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அந்த ஏப்ரலில் பிளைபரோவுக்கு வந்தார். கோயிலிலும் பீடப் பகுதியிலும் உள்ள 20 கேருபீன்களை, அதாவது தேவதூதர் உருவங்களை, இறக்கவும், 200-க்கும் மேற்பட்ட படங்களை எட்டு நாளுக்குள் அகற்றவும் உத்தரவிட்டார். ‘இன்னாரின் ஆன்மாவுக்காக ஜெபியுங்கள்’ என்ற வாசகம் பொறித்த மூன்று தகடுகளைப் பெயர்த்தார். வண்ணக் கண்ணாடிகள் பெரும்பாலும் போய்விட்டன. ஞானஸ்நானத் தொட்டியின் பக்கங்களில் இருந்த சிற்பங்களும் எப்போதோ மழித்தெடுக்கப்பட்டுவிட்டன. அதன் படிக்கட்டைச் சுற்றி, தொட்டியைக் கொடுத்த ஜான் மேசனுக்கும் அவர் மனைவி கேத்தரினுக்கும் ஜெபம் கேட்கும் லத்தீன் வரி மட்டும் எப்படியோ தப்பியது.

தேவதூதர்களும் தப்பினார்கள். உத்தரவு போட்டது டௌசிங், நிறைவேற்ற வேண்டியது ஊர்க்காரர்கள். அத்தனை உயரத்தில் சாரம் கட்டி ஏறி, உத்தரத்தில் முடுக்கிய உருவங்களைக் கழற்றக் காசு வேண்டும், ஆள் வேண்டும். காசு இல்லையா, மனம் வரவில்லையா? இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருந்திருக்கும்.

ஏறிக் கழற்ற முடியாததால் டௌசிங்கின் ஆட்கள் கீழேயிருந்து துப்பாக்கியால் சுட்டார்கள் என்று நெடுங்காலம் ஒரு கதை வழங்கிவந்தது. உருவங்களில் ஈயக் குண்டுகள் பதிந்திருந்தது உண்மைதான். ஆனால் 1970-களில் பழுதுபார்த்தபோது எடுத்த குண்டுகள் 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. சர்ச் வார்டன்களின் 1761-ஆம் ஆண்டுக் கணக்கில் அதற்கு விடையும் இருக்கிறது: கூரைக்குள் புகுந்த ஜாக்டா என்னும் சின்னக் காக்கைகளைச் சுட மருந்துக்கும் குண்டுக்கும் செலவு. காக்கைக்கு வைத்த குறி தேவதூதரின் சிறகில் பட்டிருக்கிறது.

குடை பிடித்துக் கேட்ட பிரசங்கம்

இதற்குப் பிறகு இருநூறு வருடங்கள் கோயில் மெல்லச் சரிந்தது. பக்கத்து ஊர்களின் கதையைப் பார்த்தால் பிளைபரோ எவ்வளவு அருகில் போய் மீண்டது என்று புரியும். கோவ்ஹைத் ஊரிலும் இதேபோல ஒரு பெரிய கோயில். 1672-இல் அந்த ஊர்க்காரர்கள் அனுமதி வாங்கி அதன் கூரையைப் பிரித்துவிட்டு, இடிந்த சுவர்களுக்குள்ளேயே சின்னதாக ஒரு கோயிலைக் கட்டிக்கொண்டார்கள். பெரிய ஜன்னல்களின் வழியே வானம் தெரிய, நடுவில் கூரை வேய்ந்த குட்டிக் கோயில் இன்றும் நிற்கிறது. அந்த நூற்றாண்டின் இறுதியில் வால்பர்ஸ்விக் ஊரிலும் இதே முடிவு.

பிளைபரோ கூரையைப் பிரிக்கவில்லை, பழுதுபார்க்கவும் இல்லை. ஜன்னல் உடைந்தால் செங்கல் வைத்து அடைத்தார்கள். ஒரு காலத்தில் பள்ளிக்கூடமும் உள்ளேயே நடந்தது. பாடகர் இருக்கைகளின் முன்பலகையில் ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த டிர்க் என்ற 12 வயதுப் பையன் தன் பெயரையும் வயதையும் 1665 என்ற ஆண்டையும் கத்தியால் கீறிவைத்திருக்கிறான். 19-ஆம் நூற்றாண்டில் மழைநாள் வழிபாட்டில் மக்கள் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்பது ஊரில் சொல்லிவரும் நினைவு. 1881-இல் கோயில் ஆபத்தான நிலையில் இருக்கிறது என்று ஆயர் அதை மூடிவிட்டார்.

இந்த இடத்தில்தான் ஏழ்மை செய்த உபகாரம் தெரிகிறது. விக்டோரியா காலத்தில் இங்கிலாந்தின் பங்குக்கோயில்களில் மிகப் பெரும்பாலானவை ‘மறுசீரமைப்பு’ என்ற பெயரில் மாற்றப்பட்டன. வசதியான பங்குகளில் கட்டடக் கலைஞர்கள் பழைய பெஞ்சுகளைத் தூக்கி எறிந்தார்கள், சுவரின் சாந்தைச் சுரண்டினார்கள், தேய்ந்த கல்லைப் பெயர்த்துவிட்டுப் புதுக்கல்லை வைத்தார்கள், இடைக்காலம் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று தாங்கள் கற்பனை செய்தபடி எல்லாவற்றையும் ஒழுங்காக்கினார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனால் பல கோயில்களில் இன்று நாம் பார்க்கும் ‘இடைக்காலம்’ 1860-களில் செய்தது. பிளைபரோவில் அப்படிச் செய்யக் காசு இல்லை.

1881-இல் மூடியபோதும் அந்த அபாயம் வந்தது. புதுப்பிக்கத் திட்டம் போட்டார்கள். ஆனால் அதற்குள், 1877-இல், வில்லியம் மாரிஸ் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியிருந்தார். பழைய கட்டடத்தை ‘முன்பிருந்தபடி’ ஆக்குகிறேன் என்று கிளம்பாதீர்கள், விழாமல் தாங்கிப்பிடியுங்கள், ஒழுகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் கைவைக்காதீர்கள் என்பது அவர்கள் வாதம். பிளைபரோ விஷயத்தில் அந்தச் சங்கத்துக்கும் கோயில் நிர்வாகத்துக்கும் கடுமையான சச்சரவு நடந்தது. பணமும் போதவில்லை, எதிர்ப்பும் இருந்தது, ஆகவே வேலை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நடந்தது. 1884-இல் கோயில் மீண்டும் திறந்தது. கூரை வண்ணம் தொடப்படாமல் தப்பியது. இன்று அங்கே தலைநிமிர்ந்து பார்க்கிறவர்கள் அந்தச் சச்சரவுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

20-ஆம் நூற்றாண்டில் இந்தக் கோயிலுக்கு இன்னொரு வேலையும் வந்தது. இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் நடத்திவந்த ஆல்டபரோ இசைவிழாவின் அரங்கம், 1969-இல் விழா தொடங்கிய இரவே தீப்பிடித்து எரிந்தது. மோட்சார்ட்டின் ‘இடொமெனியோ’ என்ற இசைநாடகத்தை எங்கே நடத்துவது? சில நாட்களுக்குள் எல்லாவற்றையும் பிளைபரோ கோயிலுக்கு மாற்றினார்கள். மரக்கூரையும் வெறும் சுவரும் செங்கல் தரையும் கொண்ட அந்த நீண்ட கூடம் பாட்டுக்கு நன்றாகவே இசைந்தது. இன்றும் அங்கே கச்சேரிகள் நடக்கின்றன.

கோயிலில் இருக்கும் இன்னொருவரைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. மரத்தில் செதுக்கி வண்ணம் பூசிய ஒரு ஆள், பெயர் ஜாக். 1682 என்று ஆண்டு போட்டிருக்கிறது. கையில் ஒரு கோடரி, பக்கத்தில் ஒரு மணி. முதலில் கடிகாரத்தோடு சேர்த்து மணி அடித்தவன், கடிகாரம் போன பிறகும் வேலையை விடவில்லை. வழிபாடு தொடங்கும் நேரம் வந்ததும் கயிற்றை இழுப்பார்கள். ஜாக் தலையைத் திருப்பி மணியில் ஒரு அடி போடுவான். குருவானவர் உள்ளே வருவார், பெஞ்சுகளில் இருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள்.